பாட்டுக்குத் துணை நின்றவர்

ஆலயத்தினுள் நுழைகின்றவரின் கண்கள் இயல்பாகவே பீடத்தை நாடுகின்றன. பின்னர் வாசகமேடை, சுரூபங்கள், மெழுகுதிரிகள். பக்கத்து மூலையில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருப்பவரை எவரும் தேடிப் பார்ப்பதில்லை. திருப்பலி முடிந்ததும் மறையுரை நன்றாயிருந்தது என்றோ, வழக்கம்போல் நீண்டுவிட்டது என்றோ பேசிக்கொண்டு மக்கள் கலைவர். பாட்டு நன்கு அமைந்த நாளில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். சுருதி பிசகிய நாளில் மட்டும் எல்லாரும் இசை விற்பன்னர்களாகி விடுவர்.

துணையாக இசைப்பவரின் கலை விந்தையானது. மக்களின் குரல் தடுமாறினால் கைவிரல் சற்று அழுத்தமாக விழவேண்டும். குரல் எழுந்துவிட்டால் விரல் பின்வாங்க வேண்டும். முதியவர் ஒருவர் இழுத்துப் பாடினால் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். பாடுகின்ற மக்களின் மூச்சைக் கவனிக்கத் தெரிந்தவருக்கே இது கைகூடும். (இக்காலக் கருவிகளில் தாளப் பொத்தானை அழுத்திவிட்டால் அது எவர் மூச்சுக்கும் காத்திராமல் தன் வழியே ஓடுகிறது. அதனோடு ஓட மாட்டாமல் மக்கள் வாய்மூடி நிற்பதை ஞாயிறுதோறும் காண்கிறோம். அது வேறு கதை.)

பிறர் குரல் ஓங்குவதற்காகத் தம் ஒலியை அடக்கிக்கொள்ளும் இத்தகைய வாழ்வைப் பற்றிய ஓர் அறக்கேள்வியையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். மறைந்த வாழ்வை அருங்குணமாகப் போற்றுவது நம் திருச்சபையின் மரபு. நாசரேத்தூரின் முப்பது ஆண்டுகளை முன்னிறுத்தி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். ஆயினும், மறைந்திருப்பவர் தாமே விரும்பி மறைந்தாரா, அல்லது பிறரால் மறைக்கப்பட்டாரா என்று வினவாமலே அவருடைய தாழ்ச்சியைப் புகழ்வது முறையாகுமா? புகழ்கின்ற நமக்கு அது வசதியாகவும் இருக்கும்போது இந்த ஐயம் இன்னும் கூர்மை பெறுகிறது.

இக்கேள்வியை ஒரு பெண்ணின் வாழ்வைக் கொண்டு ஆராய்வது நலம். அவர் நம் நாட்டவர் அல்லர்; நம் சபையினரும் அல்லர். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எபெனேசர் என்னும் பாப்திஸ்து ஆலயத்தில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள் ஆர்கன் இசைத்துப் பாடகர் குழுவைப் பேணி வளர்த்தவர். பெயர் ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங். மார்ட்டின் லூதர் கிங்கின் தாய் என்றால் வாசகர்க்கு விளங்கும். அந்த மகன் 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் தென்கோடிக்கே வந்தார். கன்னியாகுமரியில் ஒரு பக்கம் கதிரவன் மறைய, மறுபக்கம் நிலவு எழக் கண்டு வியந்து, ஊர் திரும்பியபின் அதைத் தம் மறையுரையில் நினைவுகூர்ந்தார். திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்துவைத்ததையும், முதலில் திடுக்கிட்டு, பின்னர் அது உண்மையே என்று தாம் ஒப்புக்கொண்டதையும் 1965இல் அதே எபெனேசர் ஆலயத்தில் எடுத்துரைத்தார். மகனின் சொற்பொழிவுகளை உலகம் அறியும். தாயை அறிந்தவர் சிலரே.

ஆல்பர்ட்டா 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆடம் டேனியல் வில்லியம்ஸ் எபெனேசர் ஆலயத்தின் போதகர். மகளை ஸ்பெல்மன் கல்விக்கூடத்திலும், பின்னர் ஹாம்ப்டன் நிறுவனத்திலும் படிக்க வைத்தார். 1924இல் அவர் ஆசிரியர் சான்றிதழ் பெற்றார்; சிறிது காலம் கற்பித்தும் வந்தார். 1926 நவம்பரில் திருமணம் நிகழ்ந்தது. மணமான பெண்கள் ஆசிரியராயிருக்கக் கூடாது என்பது அவ்வூர்க் கல்வி வாரியத்தின் விதி. ஆகவே வகுப்பறையை விட்டு வெளியேறினார். கணவர் பின்னாளில் அதே நகரில் கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களுக்கு நிகரான ஊதியம் வேண்டுமென்று போராடியவர். தம் மனைவி அந்த ஊதியத்தை ஒருநாளும் பெறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

இங்கே நாம் சற்று நின்றாக வேண்டும். அவர் ஆர்கன் முன் வந்து அமர்ந்ததில் அழைத்தலும் உண்டு. அடைக்கப்பட்ட ஒரு கதவும் உண்டு. இரண்டில் எது உண்மை என்று கேட்பது வீண். கிடைத்த இடத்தில் அவர் தம்மை முழுதும் ஈந்தார். ஆனால் அவருடைய ஈகையைக் காட்டி அந்த விதியை நியாயப்படுத்த இயலாது. துன்பத்திலிருந்து இறைவன் நன்மையை விளைவிக்கிறார் என்று இறையியல் கற்பிக்கிறது. துன்பத்தை இழைத்தவர்க்கு அதனால் பெருமை சேர்கிறது என்று அது ஒருபோதும் கற்பித்ததில்லை.

அயலார் வீட்டுக் குறையைச் சுட்டும் நாம் நம் வீட்டையும் பார்ப்போம். ஆல்பர்ட்டா பிறந்த அதே 1903இல், நவம்பர் 22ஆம் நாள், திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசை பற்றிய மடலை வெளியிட்டார். இசையின் தூய்மை கருதி அம்மடல் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், ஆலயப் பாடகர் ஆற்றுவது வழிபாட்டுப் பணி, அப்பணிக்குப் பெண்கள் உரியவர் அல்லர், ஆதலால் அவர்களைப் பாடகர் குழுவில் சேர்த்தல் ஆகாது என்பதும் அதில் இருந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1955ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்விதியைத் தளர்த்தினார்; பீடப்பகுதிக்கு வெளியே, ஆண்களிடமிருந்து பிரிந்து நின்று பெண்கள் பாடலாம் என்றார். ஆல்பர்ட்டாவின் மகன் மான்ட்கமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக்கொண்டிருந்த அதே டிசம்பர் மாதம் அது. அப்போது ஆல்பர்ட்டா தம் ஆலயத்தில் இசைப்பணியைத் தொடங்கி இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று நம் பங்குகளில் பாடகர் குழுவைத் தாங்கி நிற்போரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பெண்குரல் இல்லாத பனிமய மாதா திருவிழாவை நம்மில் எவராலும் கற்பனை செய்ய முடியுமா?

தாயின் பாட்டு அந்த மகனின் வாழ்வில் எவ்வாறு வேலை செய்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நான்கைந்து வயதுச் சிறுவனாக அவர் ஆலயக் கூட்டங்களில் பாடியபோது துணைக்கு இசைத்தவர் தாய். பள்ளிப் பருவம் தொடங்கியதும் வெள்ளைக்காரத் தோழன் ஒருவன் இனி உன்னோடு விளையாட மாட்டேன் என்று விலக்கப்பட்டபோது, அழுத சிறுவனை மடியில் இருத்தி, அடிமை முறையின் வரலாற்றையும் நிறப் பாகுபாட்டின் கொடுமையையும் விளக்கி, நீ எவனுக்கும் தாழ்ந்தவன் அல்லன் என்ற பொருள்படச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மகன் இதைப் பின்னர் தம் நூலில் குறித்திருக்கிறார். குருத்துவக் கல்லூரி மாணவராக 1950இல் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில், திரைமறைவில் நின்று தாய்மைப் பணி ஆற்றியவர் என்றே தாயைச் சுட்டுகிறார். திரைமறைவு என்னும் கருத்து மகனுக்கே தோன்றியிருக்கிறது.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மாலை. மெம்பிஸ் நகர விடுதியின் மாடியில் நின்றுகொண்டிருந்த கிங், கீழே நின்ற பென் பிராஞ்ச் என்னும் இசைக்கலைஞரைப் பார்த்து, அன்றிரவுக் கூட்டத்தில் தமக்கு விருப்பமான ஆலயப் பாடலொன்றை அழகாக வாசிக்குமாறு வேண்டினார். சில நொடிகளில் குண்டு பாய்ந்தது. தாமஸ் டார்சி என்பவர் தம் மனைவியையும் பிறந்த குழவியையும் ஒருங்கே இழந்த துயரத்தில், 1932ஆம் ஆண்டு இயற்றிய பாடல் அது. உலகையே கட்டிப்போட்ட சொற்பொழிவாளரின் கடைசி வார்த்தைகள் ஓர் இசைக்கலைஞரிடம் பாட்டைக் குறித்துச் சொன்னவையாக அமைந்தன. ஆர்கன் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறெப்படிப் பேசியிருக்கும்?

நற்செய்தியை ஊன்றிப் படிப்பவர்க்கு இது புதிதாகாது. வலியோர் தாழ்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவு பெறுவதையும் மரியா முதலில் பாட்டாகப் பாடினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே மகன் தொழுகைக்கூடத்தில் எழுந்து, ஏழைகளுக்கு நற்செய்தி என்று முழங்கினார். லூக்கா இந்த வரிசையில்தான் எழுதி வைத்திருக்கிறார். மரியாவை மௌனத்தின் மாதிரியாகவே எப்போதும் காட்டுகின்ற நாம், அவர் பாடிய பாட்டில் எத்தனை அனல் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் கடற்கரையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1542இல் இங்கு வந்த புனித சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளிப்படையாகப் பணியாற்ற இயலாத காலம் வந்தது. மறையுரை மேடை ஓய்ந்தது, விசுவாசம் ஓயவில்லை. பீடத்தருகே சொல்ல ஆளில்லாத ஆண்டுகளில் செபமும் பாட்டும் எங்கே உயிரோடிருந்தன? அடுப்படியிலும் தொட்டில் அருகிலும்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண்களின் பெயர்களை எந்தப் பதிவேட்டிலும் நாம் காண்பதில்லை.

ஆனாலும் துணை நிற்பவரைப் போற்றுவதில் நம் மீனவ முன்னோர் நம்மைவிட நேர்மையாக நடந்துகொண்டனர் என்றே தோன்றுகிறது. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளித்தலை நினைத்துப் பார்ப்போம். கல்லைக் காலில் பற்றி மூழ்குபவர் ஒருவர். தோணியில் நின்று கயிற்றைப் பிடிப்பவர் ஒருவர். கீழிருந்து கயிறு அசைந்த கணமே இழுக்கவேண்டும். ஒரு நொடி கவனம் சிதறினால் மூழ்கியவரின் உயிர் போகும். ஆகவே மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க நிறுத்துவர் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தன் தங்கை விதவையாக எந்த அண்ணன் சம்மதிப்பான்? முத்தெடுத்தவன் என்ற பெயர் மூழ்கியவருக்கே. ஆனால் கரைக்கு வந்ததும் கயிறு பிடித்தவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. அவருடைய தாழ்ச்சியைப் பாராட்டிவிட்டு வெறுங்கையாய் அனுப்பும் வழக்கம் கடலில் இல்லை.

ஆல்பர்ட்டாவின் வாழ்வைப் பழுதற்ற ஓவியமாகத் தீட்டவும் நாம் விரும்பவில்லை. 1939 டிசம்பரில் அடிமைக் காலத் தென்னாட்டைப் போற்றிப் படைக்கப்பட்ட ஒரு திரைப்படத்தின் முதற்காட்சி அட்லாண்டாவில் கோலாகலமாக நிகழ்ந்தது. அதையொட்டி வெள்ளையர்க்கென்றே நடந்த நடன விருந்தில் எபெனேசர் பாடகர் குழு பாடியது. அடிமைகளின் உடையணிந்து, பண்ணை வீட்டைப் போன்ற அரங்கின் முன் நின்று பாடினர். பத்து வயது மார்ட்டினும் அவர்களில் ஒருவர். அப்படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர்கள் அவ்விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை. அவ்வூர்க் கறுப்பினப் போதகர்கள் கிங் குடும்பத்தலைவரைக் கண்டித்தனர்.

இதை எப்படி மதிப்பிடுவது? முன்னோர் வயலில் குருதி சிந்திப் பாடிய பக்திப் பாடல்களைக் கேளிக்கைக்குத் தீனியாக்கியது தவறு என்பார் உண்டு. அடக்கப்பட்ட மக்களின் இசையை ஆள்வோர் செவியில் சேர்க்கக் கிடைத்த ஒரே வாசல் அது என்பாரும் உண்டு. நாம் முன்னவர் பக்கமே சாய்கிறோம். எங்கே பாடுகிறோம், எவர் முன் பாடுகிறோம் என்பதும் பாட்டின் பொருளில் ஒரு பகுதி. அரசியல் மேடையிலும் பெரிய இடத்துத் திருமணத்திலும் அழைத்த குரலுக்கு ஓடிப் பாடும் நம் குழுக்களும் இதைச் சிந்திக்கலாம். ஆனால் ஒரு மாலைப் பொழுதைக் கொண்டு நாற்பது ஆண்டுகளை எடைபோட முடியாது. அக்குழுவில் தோளோடு தோள் நின்று மூச்சடக்கவும், ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தொடரவும் பழகிய மக்களே பின்னர் காவலர்முன் பாடிக்கொண்டு நின்ற மக்கள். துணிவுக்கும் பயிற்சிக்கூடம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைப் பாட்டுப் பயிற்சி அப்படியொரு கூடமாகலாம் என்பதை, பயிற்சிக்கு வராமல் ஞாயிறன்று மட்டும் வந்து முன்வரிசையில் நிற்கும் நம் அன்பர்கள் கருதுவார்களாக.

அந்தத் தாய்க்கு வந்த துயரங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1956இல் மூத்த மகனின் வீட்டில் குண்டு வெடித்தது. 1963இல் இளைய மகன் ஆல்ஃபிரட் டேனியலின் வீட்டிலும் வெடித்தது. 1968இல் மூத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1969 ஜூலையில் இளையவர் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். சிமியோன் கூறிய வாள் இத்தாயின் உள்ளத்தை இருமுறை ஊடுருவிற்று. அதன் பின்னரும் அவர் இசைக்கருவியின் முன் வந்து அமர்ந்தார்.

1974 ஜூன் 30, ஞாயிறு. இயேசு கற்பித்த செபத்தை ஆர்கனில் இசைத்து முடித்திருந்தார். முன்வரிசையில் இருந்த 23 வயதுக் கறுப்பின இளைஞன் எழுந்து துப்பாக்கியால் சுட்டான். ஆல்பர்ட்டாவும், எட்வர்டு பாய்கின் என்னும் சபைத் தொண்டரும் இறந்தனர்; மற்றொரு பெண் காயமுற்றார். கிறிஸ்தவர் அனைவரும் தன் பகைவர் என்பது கொலையாளியின் கூற்று. போதகராகிய கணவரையே கொல்ல வந்ததாகவும், ஆல்பர்ட்டா அருகில் இருந்ததால் அவரைச் சுட்டதாகவும் சொன்னான். சாவிலும் அவர் வேறொருவருக்குப் பதிலாக நின்றவராகவே எண்ணப்பட்டார்.

மறைசாட்சியம் என்பதற்கு விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பினால் கொல்லப்படுதல் என்று நாம் இலக்கணம் படித்தோம். கொலையாளியின் வாக்குமூலம் அந்த இலக்கணத்துக்கு வெகு அருகில் வருகிறது. அவனுடைய மனநிலை குறித்த வினாக்கள் எழும் என்பதை அறிவோம். பிற சபையாரின் இரத்தத்தையும் மதிக்கத் திருச்சபை இன்று கற்றுவருகிறது: 2015இல் லிபியாவில் கொல்லப்பட்ட காப்டிக் கிறிஸ்தவர் இருபத்தொருவரின் நினைவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் நம் மறைசாட்சியர் பட்டியலில் சேர்த்தார். நம் அண்டையில், 1752இல் சுடப்பட்டு இறந்து, 2022இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் அடங்கியிருக்கிறார். ஆரல்வாய்மொழிக்குச் செல்வோர் வடக்கன்குளத்திலும் வண்டியை நிறுத்தலாமே.

கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிங் குடும்பத்தார் அதை விரும்பவில்லை. மகனைக் கொன்றவன் வெள்ளையன், மனைவியைக் கொன்றவன் கறுப்பன், இருவரையும் வெறுக்க மறுக்கிறேன் என்னும் கருத்தை முதிய கணவர் தம் தன்வரலாற்றில் பதிந்து, 1984இல் கண்மூடினார். கணவரையும் மாமியாரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த கொரெட்டா கிங் மரண தண்டனையை இறுதிவரை எதிர்த்தார். குடும்பத்தாரின் இந்த நிலைப்பாடும் ஒரு காரணமாக, 1995இல் அத்தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அவன் சிறைவாசத்தில் நோயுற்று இறந்தான். மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று நம் மறைக்கல்வி ஏடு திருத்தப்பட்டது 2018இல். அந்தக் குடும்பம் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அங்கு வந்து சேர்ந்திருந்தது.

மகன் புகழ் பெற்றிராவிடில் இத்தாயைப் பற்றி எவரும் எழுதியிருப்பரோ என்று வாசகர் கேட்கலாம். எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு ஞாயிறும் குறைந்திருக்காது. அவருடைய இசையின் மதிப்பு மகனின் புகழிலிருந்து வந்த கடன் அன்று. புகழ் செய்தது, அந்த மூலையில் ஒரு விளக்கைக் காட்டியது மட்டுமே. விளக்குப் படாத மூலைகள் நம் பங்குகளில் ஏராளம் உண்டு. அங்கே அமர்ந்திருப்பவர்க்குத் தாழ்ச்சி பற்றி மறையுரை ஆற்றுவதற்குமுன், அவர்களுக்குரிய ஊதியத்தையும், முடிவெடுக்கும் பங்குப் பேரவையில் ஓரிடத்தையும் அளித்தோமா என்று அருள்பணியாளராகிய நாம் கணக்குப் பார்ப்பது நியாயம். அதன்பின் அவர்கள் மூலையையே விரும்பித் தெரிந்துகொண்டால், அப்போது அந்தத் தாழ்ச்சியை வணங்கலாம்.

ஆல்பர்ட்டாவின் மூத்த பிள்ளை கிறிஸ்டின். தம்பியர் இருவரையும் தாயையும் இழந்தபின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, 2023 ஜூன் 29ஆம் நாள் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். தாய் இளமையில் பயின்ற அதே ஸ்பெல்மனில் அவர் 1958இல் ஆசிரியப் பணி ஏற்றார். 1960இல் மணம் புரிந்தார். பணியிலிருந்து அவரை எவரும் விலக்கவில்லை. 2014இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார்.